கோல் அஹெட்டா, சென்ட் அஹெட்டா?

இந்த இரண்டு ஆங்கிலத் தொடர்களுமே (call ahead, send ahead) நாம் போய்ச் சேருமுன் தகவல் போவதைத்தான் சொல்கின்றன. மட்டக்களப்பிலிருந்து அறுகம்பேக்குப் புறப்படுமுன், அறை இருக்கிறதா என்று தங்குமிடத்துக்குக் கோல் எடுத்தால் அது 'கோல் அஹெட்'. 'ஐ கோல்ட் அஹெட்' என்றாலே வசனம் முழுமை. எங்கே என்றும் சொல்ல வேண்டுமானால் 'டு' சேருங்கள்: 'ஐ கோல்ட் அஹெட் டு த ஹோட்டல்'. எங்கள் பிள்ளைகள் அந்த 'டு'வைத்தான் விட்டுவிடுகிறார்கள், கவனம்.

'சென்ட் அஹெட்' அப்படியல்ல. எதை அனுப்பினோம் என்று பெரும்பாலும் சொல்லியே ஆக வேண்டும்: 'ஐ சென்ட் எ மெசேஜ் அஹெட்'. நமக்கு முதலே கல்முனை பஸ்ஸில் ஏற்றிவிட்ட பயணப் பைக்கும் இதே வினைதான் பொருந்தும்.

பேச்சுக்கு முதலாவதையே பழகுங்கள், அது இலகு. வட்ஸ்அப்பில் விவரம் அனுப்பியிருந்தால், சரி, இரண்டாவது.