புழக்கடைக் கோழிகளுக்குப் பால்பொருள்: கொடைக்கானல் கடை ஒன்றைப் பற்றி

கொடைக்கானலில் உள்ள சிறிய பால்பொருள் கடை ஒன்றில், கெட்டித் தயிர், பாலாடைக்கட்டியின் ஓரத் துண்டுகள், அது செய்யும்போது பிரியும் தெளிநீர் ஆகிய மூன்றையும் வீட்டுக் கோழிகளுக்கென்று குறைந்த விலையில் தருகிறார்கள். இவற்றுள் நான் தயங்காமல் பரிந்துரைப்பது தயிரை மட்டுமே. பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி கோழிகளுக்குப் போதிய அளவில் இல்லாததால், பாலும் தெளிநீரும் மிகுந்தால் கழிச்சல் ஏற்படும். தயிரிலோ அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே புளிக்கவைத்துவிடுகின்றன. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் இம்மலையில் கூண்டுத் தரையின் கூளம் காய்வதே அரிது என்பதாலும், ஈரக் கூளத்தில் இரத்தக்கழிச்சல் நோய் எளிதில் பரவும் என்பதாலும், நீர்த்த எச்சத்தை இங்கே அலட்சியப்படுத்தவே கூடாது. பாலாடைக்கட்டித் துண்டுகள் தரமானவை, ஆனால் உப்பு மிகுந்தவை. எப்போதாவது ஒரு சிறு துணுக்குக்கு மேல் வேண்டாம்.

தயிரால் முட்டை ஓடு கெட்டியாகும் என்று கடைக்காரர் அக்கறையோடு சொல்வதை மட்டும் ஏற்க இயலவில்லை. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் கால்சியம் தேவை. 100 கிராம் தயிரில் இருப்பதோ 150 மில்லிகிராம் அளவே. அதற்குக் கிளிஞ்சல் தூளே சரியானது. நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும் கோழிக்கு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு தேக்கரண்டித் தயிர் போதும்.