லிட்டில் மோர்ட்டன் ஹாலா, ஸ்பீக் ஹாலா?

வடமேற்கு இங்கிலாந்தில் டியூடர் மன்னர்கள் ஆண்ட காலத்து (1485–1603) ஓக் மரச்சட்ட வீடு ஒன்றுதான் பார்க்க நேரம் உண்டு என்றால், என் ஓட்டு செஷயரின் லிட்டில் மோர்ட்டன் ஹாலுக்கு.

1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, மோர்ட்டன் குடும்பத்தின் பல தலைமுறைகள் சுமார் 1610 வரை கட்டிக்கொண்டே போன வீடு இது. சுற்றிலும் அகழி. மாடிக்கு மேல் நீண்ட கூடம் ஒன்றைப் பிற்பாடு ஏற்றினார்கள். அதற்குக் கனமான கற்பலகைக் கூரை வேறு. அந்தப் பாரத்தில் கீழ்ச்சட்டங்கள் வளைந்து, தரையே அலை அலையாக நெளிகிறது. ஆனாலும் விழவில்லை, மரம் வளைந்து கொடுத்துவிட்டது. 1559இல் ஜன்னல்களைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேல், தன் பெயரை மரத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார். 1640களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற குடும்பம் நொடித்தது. அப்புறம் வீடு குத்தகை விவசாயிகள் கைக்குப் போனது. புதுப்பிக்கப் பணமில்லாததால்தான் பழைய வடிவம் தப்பியது என்பேன்.

லிவர்பூலின் ஸ்பீக் ஹால் வேறு ரகம். கத்தோலிக்கரான நோரிஸ் குடும்பத்தின் வீடு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பாதிரியார்களுக்குத் தடை. பாதிரியார் ஒளிய மறைவிடம், ஒட்டுக்கேட்க ஓர் ஓட்டை, முற்றத்தில் ஆதாம், ஏவாள் என்ற இரண்டு யூ (yew) என்ற பசுமைமாறா மரங்கள் எல்லாம் உண்டு. உள்ளே விக்டோரியா காலத்து அலங்காரம் அதிகம். அறைகலனும் சுவர்த்தாளும் பிடிக்குமென்றால் இங்கே போங்கள். விமான நிலையமும் பக்கத்திலேயே. தச்சு வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் மோர்ட்டன்தான்.