பட்டி பார்த்த போர்டு: பழைய சிங்கிள் ஃபின் தேடுபவர்களுக்கு

பழைய சர்ஃப் போர்டு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், அதிலும் சிங்கிள் ஃபின் (அடியில் வால் பக்கம் ஒரே ஒரு துடுப்பு) தேடுபவர்கள், ஜிபே செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் 28,000 ரூபாய் போனது போனதுதான்.

மூன்று வருடமாகக் கோவளத்தில் வாடகை போர்டில்தான் அலை பிடித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் 9 அடி லாங்போர்டு. சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தேடும்போது அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஆரஞ்சு நிறம், 7 அடி 2 அங்குலம், வால் பக்கம் கூராக முடியும் பின்டெயில், நடுவில் ஒரே ஒரு ஃபின். 1970களின் போர்டு மாதிரியே அழகு. மொட்டைமாடியில் ஒரு நீலத் தண்ணீர் டிரம்மில் சாய்த்து வைத்து எடுத்த படம். கீழே, ‘பியூ போர்டு, ஆல்-ரவுண்டர், எந்த அலையிலும் போகும்’. பியூ என்றால் உள்ளே பாலியூரிதேன் நுரை; அதன் மேல் கண்ணாடி இழையும் ரெசினும்.

நேரில் போனபோது மாலை ஆறரை ஆகிவிட்டது. மாடியில் ஒரே ஒரு டியூப்லைட். “சின்ன அலை, பெரிய அலை எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும் சார், வேற போர்டே வாங்க வேண்டாம்” என்றார் விற்பவர். லேசாகப் பெயின்ட் வாசனை வந்தது. “ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்னு நான்தான் அடிச்சேன்.” அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். போர்டில் நிறம் பெரும்பாலும் கண்ணாடி இழைக்கு அடியில் இருக்கும், இல்லையென்றால் ரெசினிலேயே கலந்திருக்கும். கடைசியில் மேலே அடித்த பெயின்ட் பெரும்பாலும் எதையோ மூடத்தான். ஆனால் மனசு ஏற்கெனவே வாங்கிவிட்டது. பேரம்கூடப் பேசவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோவளம். கரைக்காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது, இடுப்பளவு அலை, கண்ணாடி மாதிரி தண்ணீர். வாடகை லாங்போர்டில் இப்படி ஒரு காலையில் பத்து அலையாவது பிடிப்பேன். அன்று இரண்டு. அதிலும் எழுந்து நின்றதும் போர்டு சேற்றில் சிக்கிய மாட்டுவண்டி போல நின்றுவிட்டது. திருப்பலாம் என்றால் திரும்பவே இல்லை.

கரையில் பார்த்துக்கொண்டிருந்த மீனவர் வீட்டுத் தம்பி ஒருவன், அங்கே சொல்லிக்கொடுப்பவன், போர்டை வாங்கிப் புரட்டினான். “அண்ணா, இது யாரு உங்களுக்கு நம்ம அலைக்குன்னு குடுத்தது?” என்றான். அப்புறம் அவன் சொன்னதுதான் இந்தப் பதிவின் பாதி.

சிங்கிள் ஃபின்னுக்குப் பக்கத்து ஃபின்கள் கிடையாது. மூன்று ஃபின் போர்டில் இடுப்பை ஆட்டி ஆட்டி வேகம் உண்டாக்குவது போல இதில் முடியாது. வேகம் அலையிலிருந்துதான் வர வேண்டும், இல்லையென்றால் போர்டின் நீள அகலத்திலிருந்து. சாதாரண நாளின் சோம்பலான சின்ன அலைக்கு 9 அடிக்கு மேல் நீளம், அகலமான வால், அதிகம் வளையாத அடிப்பாகம் வேண்டும். அது மிதந்து வழுக்கிக்கொண்டே போகும். என்னுடையதோ குறுகிய வால், முன்பக்கம் நன்றாக மேலே வளைந்தது. இந்த வடிவம் சரிவான, வேகமான அலைக்கு. அங்கே அந்தக் கூர் வால் தண்ணீரைக் கவ்விக்கொண்டு வழுக்காமல் நிற்கும். சின்ன அலையில் அதே வால் அமுங்கிவிடும். மறுபக்கமும் உண்டு: மணல் கரையில் சுவர் மாதிரி ஒரேயடியாக மடிந்து விழும் அலைக்கு லாங்போர்டை எடுத்துப் போனால் போர்டின் மூக்கு தண்ணீரில் குத்திக்கொள்ளும். மழைக்காலக் கலங்கல் அலைக்கு இரண்டுக்கும் நடுவே, ஏழு, ஏழரை அடியில் வால் அகன்ற முட்டை வடிவம் தேவலை என்பது அவன் அனுபவம். ஆல்-ரவுண்டர் என்று ஒன்று இருந்தால் அது கிட்டத்தட்ட அதுதான், என்னிடம் விற்கப்பட்டது அல்ல.

ஃபின்னையும் பார்த்தான். 10 அங்குலம். போர்டின் ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்பது பழைய கணக்கு. ஏழடிப் போர்டுக்கு ஏழு, ஏழரை போதும். கழற்றிய ஏதோ ஒரு லாங்போர்டு ஃபின்னை இதில் மாட்டியிருக்கிறார், அதனால்தான் திரும்பவில்லை. சரி, ஃபின் பொருந்தியிருக்கும் பெட்டியில் அதை முன்னே தள்ளினால் கொஞ்சம் இளகும், பின்னே தள்ளினால் நேராகப் போகும் என்று ஸ்க்ரூவைத் திருகினான். அசையவில்லை. பெட்டியின் ஓரத்தில் எம்சீல் போட்டு அடைத்து, மேலே ஆரஞ்சு அடித்திருந்தது.

கட்டைவிரலால் அங்கங்கே அழுத்தினான். பெட்டிக்கு முன்னால் ஓர் இடத்தில் விரல் உள்ளே போய் வந்தது. போர்டை வால் கீழே இருக்கும்படி நிறுத்திவைத்தான். இரண்டு நிமிடம் கழித்துப் பெட்டியின் விளிம்பில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. “தண்ணி குடிச்சிருக்குண்ணா.” வீட்டில் எடைபோட்டால் ஆறரைக் கிலோ. இந்த அளவு போர்டு நான்கு கிலோ சுமாருக்கு இருக்க வேண்டும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் மீதியும் தெரிந்தது. பியூவே இல்லை, ஈபிஎஸ், அதாவது தெர்மாகோல் வகை நுரை. அடிபட்ட இடத்தில் கார் டிங்கரிங் கடைப் பட்டியை அப்பியிருக்கிறார்கள். அந்தப் பட்டி பாலியஸ்டர் வகை. அதிலிருக்கும் ஸ்டைரீன் ஈபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். எபாக்ஸி ரெசின்தான் போட வேண்டும். உள்ளே என் உள்ளங்கை அளவுக்குப் பொந்து, ஓரமெல்லாம் உருகி மஞ்சளாகக் கட்டிதட்டி. மேலே வழவழவென்று ஆரஞ்சு.

விற்றவரைக் கூப்பிட்டேன். “பார்த்துதானே சார் வாங்கினீங்க?” படங்களை அனுப்பினேன். நீல டிக் வந்தது. அடுத்த நாள் அவருடைய டிபி காணாமல் போனது, அவ்வளவுதான்.

இதனால் அந்த வடிவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆகஸ்டில் இலங்கை போனபோது அறுகம்பேயில் கிட்டத்தட்ட இதே அளவு சிங்கிள் ஃபின்னை வாடகைக்கு எடுத்தேன், ஏழு அங்குல ஃபின்னோடு. அங்கே கடலுக்குள் நீளும் நிலமுனையைச் சுற்றி வலப்பக்கமாக நீளமாக உரிந்துகொண்டே வரும் அலை. ஒரு முறை காலை ஊன்றிச் சாய்ந்தால் போதும், போர்டு ஒரே கோட்டில் போய்க்கொண்டே இருந்தது. இதற்காகத்தான் இதைச் செய்தார்கள் என்று அன்றுதான் உடம்புக்குப் புரிந்தது.

அதனால் வாங்கப் போகும்போது பகலில் போங்கள், உங்கள் கரையின் அலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு. எடைபோடும் கொக்கித் தராசு ஒன்று எடுத்துப் போனால் வெட்கப்பட வேண்டாம். ஃபின்னைக் கழற்றி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். எந்த நுரை, எந்த ரெசினில் பழுது பார்த்தது என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். பெயின்ட் புதுசு என்றால் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத்தை அனுப்பி “இது எப்படி?” என்று கேட்டார். இந்த முறை பச்சை நிறம், 6 அடி 10 அங்குலம். ‘பியூ போர்டு, ஆல்-ரவுண்டர்.’ போர்டு சாய்ந்திருந்தது அதே நீல டிரம்மில்.