ஸ்கைலைட் போடப் போகிறீர்களா? அந்தப் போட்டோவில் இருப்பது என் வீட்டு ஹால்

போன வாரம் அடுத்த தெருக்காரர் ஒருவர், ஒரு கான்ட்ராக்டர் தன் வேலை என்று காட்டிய படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "சார், இவர்கிட்ட ஸ்கைலைட் போடலாம்னு இருக்கோம், வேலை எப்படி?" என்று கேட்டார். ஸ்கைலைட் என்றால் வெளிச்சத்துக்காகக் கூரையை வெட்டி, மேலே கண்ணாடியோ ஷீட்டோ போடுவது. படத்தில் இருந்தது என் வீட்டு ஹால். தரையில் சதுரமாக வெயில், ஓரத்தில் எங்கள் தண்ணீர்க் குடம்கூடத் தெரிகிறது. எடுத்தது போன வருடம் மார்ச்சில். அதற்குப் பிறகு அதே இடத்தில் நாங்கள் வைத்த வாளிகள் படத்தில் இல்லை. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

மதுரையில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள வீடு எங்களுடையது. நடு ஹாலில் பகலிலும் டியூப் லைட் எரியும். "ஊர் வீட்டுல அடுப்படிக்கு மேல ஒத்தைக் கண்ணாடி ஓடுதான் இருந்துச்சு. அந்த வெளிச்சத்துலயே அரிசியில கல்லு பொறுக்குவேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஒத்தைக் கண்ணாடி ஓட்டை நான் கான்கிரீட் தளத்தை வெட்டி ஆறடிக்கு நாலடி ஸ்கைலைட் என்று பெருக்கினேன். அது என் பேராசை, யாரையும் குறை சொல்ல முடியாது.

எங்களுக்கும் வந்த அதே கான்ட்ராக்டர் 72,000 ரூபாய் கேட்டார். "பத்து வருஷ கியாரண்டி சார், ஒரு சொட்டு இறங்காது. பிரவுன் ஷீட் போட்டா வெளிச்சம் மட்டும்தான் வரும், சூடு வராது. பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும், உங்க இஷ்டம்." பில் வேண்டாம் என்றேன். அதற்கு அப்புறம் அனுபவித்தேன்.

முதலில் சூடு. மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். சுவர் ஜன்னலுக்கு சன்ஷேடு உண்டு. மல்லாந்து கிடக்கும் ஷீட்டுக்கு என்ன நிழல்? ஸ்கைலைட்டால் வீடு கதகதப்பாகும் என்று யூடியூபில் பெருமையாகச் சொல்பவர்கள் குளிர் தேசத்துக்காரர்கள், அவர்களுக்கு அது லாபம். பிரவுன் நிறமும் மாயமந்திரம் இல்லை. கண் கூசாது, சூடு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஷீட் வெயிலை உறிஞ்சித் தானே கொதித்து, அந்தச் சூட்டைக் கீழேயும் விடும். மே மாதம் மத்தியானம் அந்தச் சதுரத்தில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. 20 வாட் எல்இடி டியூபை மிச்சம் பிடிக்கப் போய், ஒன்றரை டன் ஏசியை மத்தியானமெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது ஒழுகல். தினமும் காலை எட்டு மணி வாக்கிலும் பொழுது சாயும்போதும் மேலே டக், டக் என்று சத்தம் வரும். பல்லி என்று நினைத்தோம். சத்தம் போட்டது ஷீட். அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், சூட்டில் கான்கிரீட்டைவிட ஐந்தாறு மடங்கு விரியும். ஆறடி நீள ஷீட் 40 டிகிரி ஏறி இறங்கினால் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். அதற்கு இடம் விட்டு, ஸ்க்ரூவைவிடப் பெரிய ஓட்டையாகப் போட வேண்டும். எங்கள் வீட்டில் இறுக்கி முறுக்கி, சுற்றிலும் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். பூசிய அன்று வீடு முழுக்க வினிகர் வாடை. அந்த வாடை வரும் சிலிக்கான் மீன் தொட்டிக்கும் பாத்ரூம் கண்ணாடிக்கும் சரி. கான்கிரீட்டில் அது சரியாக ஒட்டாது, பாலிகார்பனேட்டையும் கெடுக்கும். அந்த வாடை வராத, நியூட்ரல் க்யூர் என்று போட்ட சிலிக்கானைக் கேட்டு வாங்க வேண்டும். மே மாதம் பெய்த முதல் கோடை மழையிலேயே ஓரத்துச் சிலிக்கானை வெற்றிலைக் காம்பு கிள்ளுவது போல நகத்தால் உரித்து எடுத்தேன்.

உண்மையில் சிலிக்கானை நம்பி இருக்கவே கூடாது. ஓட்டையைச் சுற்றித் தளத்துக்கு மேலே முக்கால் அடியாவது கட்டைச் சுவர் எழுப்பி, அதன் உச்சி வரை வாட்டர் ப்ரூஃபிங்கை ஏற்றி, சம்புடத்து மூடி போல மேல்மூடி வெளியே தொங்கும்படி, ஒரு பக்கம் சரிவாக வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் சிலிக்கான் போனாலும் தண்ணீர் உள்ளே வராது. எங்களுக்குப் போட்டது இரண்டு அங்குல சிமெண்ட் வரப்பு, அதன் மேல் தட்டையாக ஷீட். ஐப்பசி மழையில் மாடித் தண்ணீர் வரப்பைத் தாண்டியே ஹாலுக்குள் வந்தது. ஸ்கைலைட் என்றாலே ஒழுகத்தான் செய்யும் என்று மச்சான் சொன்னதும் தப்பு. ஒழுகுவது ஓரம்தான்.

கியாரண்டி கார்டை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். அது ஷீட் கம்பெனி ஷீட்டுக்குக் கொடுத்தது. மஞ்சளாகக் கூடாது, அவ்வளவுதான். ஒழுகலைப் பற்றி ஒரு வரி இல்லை. கான்ட்ராக்டருக்குப் போன் செய்தால் முதலில் "நாளைக்கு ஆள் அனுப்புறேன் சார்", அப்புறம் "ஷீட்ல பிரச்சினை இல்ல சார், உங்க தளத்துலதான்". கடைசியில் போனே எடுக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் என்னிடம் இருப்பது இரண்டு ஜிபே ஸ்கிரீன்ஷாட். வக்கீல் நண்பர் வாட்ஸப் பேச்சை அழிக்காமல் வை என்றிருக்கிறார்.

என்னைப் பயமுறுத்தியது இதெல்லாம் இல்லை. ஓட்டையின் மூலையிலிருந்து சீலிங்கில் கோணலாக ஒரு மயிரிழை விரிசல். பார்க்க வந்த இன்ஜினியர், "கம்பியை அறுத்தாங்களே, சுத்திலும் என்ன தாங்கு கொடுத்தாங்க?" என்று கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை. ஏற்கெனவே போட்ட தளத்தை வெட்டுவது சுவரில் ஜன்னல் வைப்பது போன்ற வேலை இல்லை.

ஜனவரியில் தளத்தைத் தாங்க அடியில் இரும்புச் சேனல் கொடுத்து, ஓட்டையைப் பாதிக்கு மேல் கான்கிரீட் போட்டு மூடினோம். இப்போது மூன்றடிக்கு மூன்றடி, உயரமான கட்டைச் சுவர், வடக்குப் பக்கம் சூடு வெளியேறக் கொசுவலையோடு லூவர், அதாவது சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு. கண்ணாடிக் கடைக்காரர் டஃபன்ட் கிளாஸை, அதாவது சூட்டில் கெட்டிப்படுத்திய கண்ணாடியைக் காட்டி "யானையே நிக்கலாம்" என்றார். அது உடைந்தால் மொத்தமும் பொடியாகித் தலையில் கொட்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிலிம் வைத்த லேமினேட்டட் கிளாஸ் விரிசல் விட்டாலும் அந்த இடத்திலேயே பிடித்து நிற்கும், அதையே போட்டேன். செலவு 1,10,000, முதல் 72,000 தனி.

சித்திரையில் இரண்டு நல்ல மழை பெய்தது, சொட்டவில்லை. அம்மாவுக்கு இந்த வெளிச்சமே போதுமாம். வாளியை மட்டும் மாடிப்படிக்குக் கீழேயே வைத்திருக்கிறேன், ஐப்பசி ஒன்று பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று.