கை மரத்துப் போகாமல் ஓட்ட: கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையில் சில வருட அனுபவம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வேலைக்குப் பைக்கிலேயே போய் வருபவர்கள் நிறைய பேர். ஒரு பக்கம் சுமார் 50 கிலோமீட்டர். என் வண்டி 150 சிசி, ஒற்றை சிலிண்டர். சூளகிரி வருவதற்குள் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். ஓரங்கட்டி உதறினால்தான் உணர்ச்சி திரும்பும்.

எந்த விரல் மரக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். சுண்டுவிரல் பக்கம் என்றால், உள்ளங்கையின் அடிப்பகுதியில் அந்தப் பக்கமாகப் போகும் அல்நார் நரம்பு அழுந்துகிறது. உடம்பின் பாரம் கையில் இறங்குகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவில் போகும் மீடியன் நரம்பு. மணிக்கட்டு மடங்கியே இருந்தாலும், கிரிப்பை இறுக்கிப் பிடித்தாலும் அது நெரிபடும். வண்டி ஓட்டாத நேரத்திலும், ராத்திரி தூக்கத்திலும் மரத்தாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ கிரிப், கிளவுஸ் என்று கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

எனக்கு அதிகம் பலன் தந்தது காசே இல்லாத வேலை. பழைய பேட்டை பக்கம் ஒரு மெக்கானிக் தம்பி, என் வண்டியிலேயே என்னை உட்கார வைத்து, விரலை பிரேக் லீவர் மேல் வைக்கச் சொன்னார். மணிக்கட்டு மேல்நோக்கி ஒடிந்து நின்றது. "முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே கோடா வரணும்ணா" என்று சொல்லிக்கொண்டே கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கீழே இறக்கினார். ஒரு விரற்கடை கூட இருக்காது. அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. கூடவே முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை லேசாக மடக்கி ஓட்டப் பழகினேன். இது ஒரே நாளில் வராது. முதல் வாரம் தொடைதான் வலிக்கும்.

கிரிப் மேல் போடும் ஃபோம் உறை: முதல் சில மாதம் சொகுசு. அப்புறம் மழையிலும் வியர்வையிலும் ஊறி, ஆக்ஸிலேட்டர் பக்கம் வழுக்க ஆரம்பித்தது. சின்னக் கை உள்ளவர்களுக்குக் கிரிப் தடித்துப்போய் கட்டைவிரல் கடுக்கும். கழற்றிவிட்டேன்.

ஹேண்டில்பார் முனையில் மாட்டும் பார் எண்ட் வெயிட் கொஞ்சம் விசித்திரமானது. அதிர்வு குறைந்தது உண்மை, ஆனால் மறையவில்லை. 70 கிலோமீட்டர் வேகத்தில் உச்சத்துக்குப் போன அதிர்வு, இப்போது 60 பக்கமே உச்சத்துக்குப் போகிறது. எடை கூடினால் பார் அதிரும் வேகம் குறையும், அவ்வளவுதான் விஷயம். 70-ல் போகும் எனக்கு லாபம். வண்டியை இரவல் வாங்கி 60-லேயே ஓட்டும் மச்சான் இன்னும் திட்டுகிறார். இதை வாங்கும் முன் என்ஜின் மவுண்டிங் போல்ட், செயின் தொய்வு, வீல் பேலன்ஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளவுஸில் தடித்த ஜெல் வைத்தது எனக்கு ஒத்துவரவில்லை. உள்ளங்கையில் தையல் இல்லாத மெல்லிய தோல் கிளவுஸ்தான் நிலைத்தது. மணிக்கட்டுப் பட்டையை இறுக்கக் கூடாது. மார்கழிக் காலையில் மட்டும் அது போதாது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், குளிரில் விரலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து சீக்கிரமே மரக்கும். காற்று புகாத வேறொன்றை அந்தக் குளிர் காலத்துக்கு வைத்திருக்கிறேன்.

ஆக்ஸிலேட்டரில் மாட்டி உள்ளங்கையை வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் நாக்கு விலை மலிவு. நாற்கரச் சாலையில் அருமை, ஊருக்குள் ஆபத்து. யூ டர்ன் அடிக்கும்போது கை பட்டாலே வண்டி பாயும். டோல்கேட் வருவதற்குள் திருப்பிவிட்டுவிடுங்கள்.

இந்தச் சாலையை விட்டு, தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது மட்டும் இவை எதுவும் முழுசாக உதவுவதில்லை. இறக்கத்தில் உடம்பு தானாக முன்னே சரிந்து பாரமெல்லாம் மணிக்கட்டுக்கு வரும். பின்னால் ஆள் இருந்தால் இரட்டிப்பு. கியரைக் குறைத்து என்ஜின் பிரேக்கில் இறங்குகிறேன். பின்னால் உட்காருபவரைக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். அப்படியும் கீழே போய் ஒரு டீக்கு நிறுத்த வேண்டித்தான் இருக்கிறது.