ஊசியா, கத்தியா: தொடைக் கட்டியில் முதல் சதையை எப்படி எடுப்பது?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் அத்தானின் வலது தொடையில், பின்பக்கம், ஆழத்தில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லாததால் ஏறத்தாழ அரை ஆண்டு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஸ்கேனில் 7 சென்டிமீட்டர் என்று வந்தபோது எங்களுக்கு மூன்று வழிகள் சொல்லப்பட்டன: மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி., தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் கோர் பயாப்சி, கட்டியை முழுதாக வெட்டியெடுத்து அதன்பின் பரிசோதனைக்கு அனுப்புவது. நாங்கள் கடைசியில் கோர் பயாப்சிக்கு வந்து சேர்ந்தோம். இன்னொருவர் கேட்டாலும் அதையே சொல்வேன்.

எஃப்.என்.ஏ.சி. செலவு குறைந்தது, விரைவில் முடிவது, தைராய்டுக்கும் கழுத்து நெறிகட்டிக்கும் நன்றாகப் பயன்படுவது. ஆனால் தசை, கொழுப்பு, நரம்பு போன்ற மென்திசுக்களில் வரும் கட்டிகளில் பல வகைகளைச் செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைக் கொண்டுதான் நோயியல் மருத்துவர் பிரிக்கிறார். உறிஞ்சும்போது அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. அத்தானுக்கு முதலில் இதைச் செய்து, நூற்கும் கதிரைப் போல இருமுனையும் கூரிய நீள்செல்கள் உள்ளன, பயாப்சி தேவை என்ற ஒரே வரியைப் பெற்றுத் திரும்பினோம்.

வெட்டியெடுத்துவிட்டுப் பார்ப்போம் என்பது நிம்மதி தரும் பேச்சு. மென்திசுக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதால், தோலுக்கடியில் உருளும் சிறு கொழுப்புக் கட்டிக்கு அது போதும். 5 சென்டிமீட்டரைத் தாண்டியதோ, தசையுறைக்கு அடியில் இருப்பதோ, வளர்ந்துகொண்டே வருவதோ ஆனால் அப்படிச் செய்யக்கூடாது. எங்கள் தெருவில் ஒருவருக்குக் கொழுப்புக் கட்டி என்று எண்ணி ஒரு மருத்துவமனையில் எடுத்தது சார்க்கோமா, அதாவது மென்திசுப் புற்று, என்று அறிக்கை வந்தது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாததால், பழைய தழும்பு உட்பட அந்த இடம் முழுவதையும் மீண்டும் வெட்டி, தோல் ஒட்டி, கதிர்வீச்சும் கொடுக்க நேர்ந்தது.

கோர் பயாப்சியின் பக்கம் என்னை இழுத்தது பாரஃபின் பிளாக். எடுத்த துணுக்குகளை ஃபார்மலினில் ஊறவைத்து, பின்பு மெழுகில் பதித்துச் செய்யும் சிறு கட்டை அது. அதிலிருந்து சுமார் 4 மைக்ரான் தடிமனில் ஒவ்வொரு சீவலாக எடுத்து, ஒன்றில் வழக்கமான சாயம், அடுத்தவற்றில் எஸ்-100, டெஸ்மின், கெராட்டின் என்று புரதங்களைத் தேடும் சாயங்கள், இன்னொன்றில் ஃபிஷ் என்னும் மரபணுச் சோதனை என்று தொடர முடிகிறது. சாதாரண அறை வெப்பத்தில் பல ஆண்டுகள் கெடாமல் இருப்பதால், நோயாளி மறுபடி ஊசி குத்திக்கொள்ளாமலே அதே சதை ஊர்விட்டு ஊர் போய் இரண்டாவது கருத்துக்கு நிற்கும்.

இது வெறும் வசதியன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாட்டில் மென்திசுக் கட்டி வகைகள் மிகப் பல. ஒவ்வொன்றும் அரிதாக வருவதால், இவற்றைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரின் கண் தேவைப்படுகிறது. அத்தானின் துணுக்கை உள்ளூரில் முதலில் நரம்புறைப் புற்று என்று ஐயப்பட்டார்கள், ஏனெனில் நரம்புறைச் செல்களைக் காட்டும் எஸ்-100 சாயம் ஆங்காங்கே ஏறியிருந்தது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து பிளாக்கைப் பெற்று, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் மறுபார்வைக்குக் கொடுத்தோம். ஃபிஷ் சோதனையில் எஸ்.எஸ்.18 மரபணு முறிந்திருப்பது தெரிந்தது. எக்ஸ் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் வரும் சைனோவியல் சார்க்கோமா அது. இது ஐஃபாஸ்ஃபமைட் போன்ற வேதிச்சிகிச்சை மருந்துகளுக்கு மற்றப் பல சார்க்கோமாக்களைவிடக் கூடுதலாக இணங்கும் என்பதால், பெயர் மாறியதும் மருத்துவக் குழு சிகிச்சையின் வரிசையையே மறுபடி யோசித்தது.

கோர் பயாப்சியிலும் குறை உண்டு. ஊசி குத்திய இடம் கட்டியின் அழுகிய பகுதியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. தீவிரம் குறைந்த பகுதியாக இருந்தால் முழுக் கட்டியின் தீவிரத்தையும் குறைத்துச் சொல்லிவிடும். அதனால் எம்.ஆர்.ஐ. படத்தை முதலில் எடுத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி பல துணுக்குகள் எடுக்கிறார்கள். வயிற்றின் பின்சுவரில் வரும் கட்டிகளையோ குழந்தைகளுக்கு வருபவற்றையோ நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அவற்றுக்கு இதையே நீட்டிச் சொல்ல மாட்டேன்.

பிளாக்கைக் கொண்டுபோகும்போது வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகக்கூடும். மூல அறிக்கையின் நகலையும் படங்களையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ஊசி நுழைந்த தடத்தை அறுவையின்போது கட்டியோடு சேர்த்து எடுப்பதே வழக்கம் என்பதால், எங்கே குத்துவது என்பதைப் பின்னர் அறுவை செய்யப்போகும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அத்தானுக்கு அப்படிக் கேட்டுத்தான் குத்தினார்கள். தழும்பு இப்போது தொடையின் நெடுக்கில் ஒரே கோடாக இருக்கிறது.