நாலு மடங்கு வேகத்தில் டல்மாஸ்கா: ஃபைனல் ஃபேண்டஸி 12 ரீமாஸ்டரோடு எட்டு மாதம்

ஃபைனல் ஃபேண்டஸி 12 என்ற வீடியோ கேமை மெருகேற்றி மறுபடி வெளியிட்ட ரீமாஸ்டரான 'தி ஸோடியாக் ஏஜ்' என் நிண்டெண்டோ ஸ்விட்சில் ஏறி எட்டு மாதம் ஆகிறது. 134 மணி நேரம் விளையாடியிருப்பதாகக் கணக்குக் காட்டுகிறது. கதையை ஐந்தாம் மாதமே முடித்துவிட்டேன். ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரமாவது கையில் எடுக்கிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் படம் தெளிவு, இசை அருமை என்பதோடு முடிந்திருக்கும். இத்தனை நாள் பழகிய பிறகு சொல்ல வேறு விஷயம் இருக்கிறது.

மூல விளையாட்டு 2006-இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்தது. எங்கள் வீட்டில் அந்த மெஷின் அண்ணனுடையது. அவன் விளையாடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அவன் கல்லூரிக்குப் போன நேரத்தில் எனக்கென்று தனியாக ஒரு ஆட்டம் ஓட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டில் வருகிற ஃபோன் கடற்கரை வரை வந்துவிட்டேன். ஒரு நாள் பார்த்தால் மெமரி கார்டு காலி. பெயர்கூட இல்லாத மலிவுக் கார்டு அது. அதற்குப் பிறகு முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை. ஆகவே எனக்கு இது பழைய நினைவைப் புதுப்பிக்கிற விஷயம் மட்டும் அல்ல, பாதியில் விட்டதை முடிக்கிற விஷயம்.

அந்தக் காலத்தில் இந்த விளையாட்டைப் பற்றிப் பலரும் சொன்ன குறை, 'இது தானாகவே ஆடிக்கொள்கிறது' என்பது. நானும் அப்படித்தான் நினைத்தேன். காரணம் கேம்பிட். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பட்டியல். இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். 'கூட்டாளியின் உயிர் 50 சதவீதத்துக்குக் கீழ் போனால், க்யூர் போடு.' 'கண்ணில் படுகிற பக்கத்து எதிரியைத் தாக்கு.' இப்படி 12 வரி வரை எழுதலாம். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துகிற வரியைப் பாத்திரம் செய்யும். இத்தனை வயதான பிறகு திரும்பி வந்து பார்க்கும்போதுதான் புரிகிறது: வாளை வீசுவது இங்கே ஆட்டம் இல்லை, அந்த வரிகளை எழுதுவதுதான் ஆட்டம்.

எனக்கு இது உறைத்த இடம், கதை நடக்கிற டல்மாஸ்கா நாட்டின் எஸ்டர்சாண்ட் பாலைவனம். ஆரம்பத்திலேயே அங்கே ஒரு பெரிய டைனோசர் உலவிக்கொண்டிருக்கும், வைல்ட் சாரியன். அது பாட்டுக்குப் போகும். நாம் சீண்டாதவரை நம்மை ஒன்றும் செய்யாது. நான் எல்லாருக்கும் 'பக்கத்து எதிரியைத் தாக்கு' என்று எழுதி வைத்திருந்தேன். அதன் அருகில் போனதும் என் ஆட்கள் உத்தரவை அப்படியே நிறைவேற்றினார்கள். இரண்டு கடியில் எல்லாரும் தரையில். அவர்கள் மேல் தப்பே இல்லை, நான் எழுதியது அது. அன்றைக்கு மற்றவர்களுடைய வரியை 'தலைவன் குறிவைத்த எதிரியைத் தாக்கு' என்று மாற்றினேன். இப்போது நான் கையை ஓங்கினால்தான் அவர்களும் ஓங்குவார்கள். அதேபோல திறந்தவெளியில் மிதக்கிற எலிமென்டல் உருண்டைகள். பக்கத்தில் யாராவது மந்திரம் போட்டால்தான் அவற்றுக்குக் கோபம் வரும். காயம் ஆற்றுவதற்காக எழுதிய வரியே அங்கே எமனாகிவிடும். அந்த இடங்களில் கேம்பிட்டை அணைத்துவிட்டுப் பொறுமையாகக் கடக்க வேண்டும். தோற்கும் ஒவ்வொரு தடவையும் எந்த வரி பிழை என்று தேடுகிறேன். வேறு எந்த ரோல்பிளேயிங் விளையாட்டும் தோல்வியை எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

ரீமாஸ்டரில் வந்த பெரிய மாற்றம் வேகம். ஒரு பொத்தானைத் தட்டினால் உலகமே 2 மடங்கு அல்லது 4 மடங்கு வேகத்தில் ஓடும். இசை மட்டும் தன் வேகத்திலேயே போகும். ஹிதோஷி சகிமோட்டோவின் இசையை இதற்காகவே மறுபடி வாத்தியக் குழுவை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கால்கள் பறக்க, மேலே வயலின் நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கும். முதல் மாதம் முழுக்க 4 மடங்கிலேயே ஓட்டினேன். வேலைக்குப் போய் வருகிற ஆளுக்கு இது பெரிய வரம், மறுக்கவே மாட்டேன். அப்புறம் மணற்கடல் வந்தது. சிறுவயதில் அதைக் கடக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆனது. எண்ணெய்க் கிணற்று மேடைகளும் காற்றும் அந்த முடிவில்லாத மஞ்சளும் இன்றும் நினைவில் இருக்கின்றன. இந்த முறை சில நிமிடங்களில் கடந்துவிட்டேன், மனதில் ஒன்றும் நிற்கவில்லை. சேமிப்பைத் திருப்பி ஏற்றி, சாதா வேகத்தில் மறுபடி நடந்தேன். அதிலிருந்து எனக்கு நானே ஒரு கேம்பிட் எழுதிக்கொண்டேன்: புது இடம் என்றால் சாதா வேகம், பார்த்த இடம் என்றால் 4 மடங்கு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்.

தானியங்கிச் சேமிப்பைப் பற்றி ஒரு வரி போதும்: பகுதி மாறும்போதெல்லாம் சேமிக்கிறது, மெமரி கார்டில் எல்லாம் போன என் போன்றவர்களுக்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வேலைப் பிரிவுகளும் நன்றாக அமைந்திருக்கின்றன. எந்த ஆயுதம், எந்த மந்திரம் பயன்படுத்தலாம் என்று உரிமம் வாங்குகிற கட்டம்தான் உரிமப் பலகை. மூலத்தில் எல்லாருக்கும் ஒரே பலகை. கடைசியில் ஆறு பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிடுவார்கள். இங்கே ராசிக்கு ஒன்றாக 12 வேலைகள், ஒருவருக்கு இரண்டு. ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் மீதமே வராது. அணியில் இருக்கிற பால்தியருக்குத் துப்பாக்கிதானே என்று, யோசிக்காமல் மெஷினிஸ்ட் வேலை கொடுத்தேன். அவனையே வைத்தியனாகவும் ஆக்கியதில் அணியே நிமிர்ந்தது. தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் பயமில்லை. தலைநகர் ரபனாஸ்ட்ரேயில் குழு மண்டபத்தில் இருக்கும் மோன்ட்பிளாங்கிடம் போனால் வேலையை மாற்றித் தருவான்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்துப்போனது காதில் விழுந்த ஒன்று. பூஜெர்பா என்று வானத்தில் மிதக்கிற ஊர். அங்கே வழிகாட்டிகளுக்குப் 'பரிஜனா' என்று பெயர். மரியாதையாக அழைக்க 'பத்ரா' என்கிறார்கள். பேச்சின் சாயலும் நம் பக்கத்து ஆங்கிலம். சிறுவயதில் இது எதையும் நான் கவனிக்கவில்லை. நம் பழைய நூல்களில் அரசனோடு வருகிற பரிசனம் அதே சொல்தான். அந்தத் தெருக்களில் நின்றுதான் நாயகன் வான், இறந்துவிட்டதாக எல்லாரும் நம்புகிற தளபதியின் பெயரைச் சொல்லி, 'நான்தான் டல்மாஸ்காவின் கேப்டன் பாஷ்!' என்று கத்திக் கத்தி வதந்தி பரப்புவான். ஆமாம், வான்கொள்ளையன் ஆக ஆசைப்படுகிற அந்தப் பையனின் பெயரே வான். தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற சந்தோஷம் இது.

குறைகளும் இருக்கின்றன. கையில் பிடித்து விளையாடும்போது உரிமப் பலகையின் எழுத்து சிறிது, கண் வலிக்கிறது. டிவியில் போட்டால் சரி. கிருவேகன் என்ற ஊரின் கிரேட் கிரிஸ்டல் பகுதிக்கு அன்றும் வரைபடம் கிடையாது, ரீமாஸ்டரிலும் கிடையாது. இதை அவர்கள் சரிசெய்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பளிங்குப் பாதை, ராசிப் பெயரில் வாசல்கள், 'ஸ்தான ஸ்கார்பியோ' என்பது மாதிரி இடப்பெயர்கள். கடைசியில் நோட்டுப் புத்தகத்தில் நானே கட்டம் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குடா ஜாதகம் எழுதுற?" என்று கேட்டாள்.

மூலத்தில் ஒரு கொடுமை இருந்தது. ஸோடியாக் ஈட்டி என்கிற வலிமையான ஆயுதம் வேண்டும் என்றால், வழியில் வருகிற குறிப்பிட்ட நாலு பெட்டிகளைத் திறக்கக் கூடாது. விளையாட்டில் எங்கேயும் அதைச் சொல்ல மாட்டார்கள். முதல் பெட்டி, கீழ்நகரில் டலான் தாத்தா வீட்டு வாசலிலேயே இருக்கும். அண்ணன் யாரிடமோ கேட்டு வந்து, "அதைத் தொட்டுடாதே" என்று என் கையைத் தட்டிவிடுவான். ரீமாஸ்டரில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். தெரிந்தும், அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திறந்தேன். அன்று ராத்திரியே அண்ணனுக்கு ஃபோன் பண்ணினேன். "திறந்துட்டியா? உள்ளே என்னடா இருந்துச்சு?" என்றான். கொஞ்சம் காசு, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம்.

இப்போது மிச்சம் இருப்பது யாஸ்மாட் என்கிற ராட்சத எதிரி. மூலத்தில் அதற்கு 5 கோடிக்கு மேல் உயிர். ஒரு அடிக்கு உச்சம் 9,999 என்பதால், ஒவ்வொரு அடியும் முழுதாக விழுந்தாலே 5,000 அடிக்கு மேல் வேண்டும். மணிக்கணக்கில் நடக்கிற சண்டை, அண்ணனும் பாதியில் விட்டதுதான். ரீமாஸ்டரில் அந்த உச்சவரம்பு இல்லை, வேகமும் இருக்கிறது. ஆனால் ஒரே அடியில் ஆளைச் சாய்க்கிற அதன் டெத் ஸ்ட்ரைக் அப்படியே இருக்கிறது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். விழுந்தவரை எழுப்புகிற வரி மேலே இருக்க வேண்டும் என்கிறான் அவன். நிற்பவரைக் காப்பாற்றுகிற வரிதான் மேலே என்கிறேன் நான். இரண்டு பட்டியலையும் எழுதி வைத்திருக்கிறேன்.